சேர்வராயன் மலையில் கழுகும் அரிய பறவைகளும்: போகும் முன் கேட்கும் கேள்விகள்

சேலம் ஜங்ஷனில் இறங்கி, மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரோடு ஏற்காடு ஏற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. படகு, பூங்கா, செல்ஃபி எடுக்கும் இடம் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

கழுகு பார்க்க எல்லாரும் வடக்கே போகிறார்களே, சேலத்தில் என்ன இருக்கிறது?

எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் வடக்கேதான் போக வேண்டும். ராஜஸ்தானில் பிகானேர் பக்கத்து ஜோர்பீரில் குளிர்காலத்தில் பாறுகளும் (பிணந்தின்னிக் கழுகுகள்) புல்வெளிக் கழுகுகளும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அக்டோபர், நவம்பரில் அமுர் வல்லூறுகள் லட்சக்கணக்கில் வந்து தங்கும். சேர்வராயனில் அப்படி எதுவும் கிடையாது. நல்ல நாளில் எட்டு, பத்து வகை வேட்டைப் பறவைகள், அதுவும் ஒன்றிரண்டாக.

ஆனால் இங்கே இரண்டு வசதிகள் உண்டு. முதலாவது, உயர வித்தியாசம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கு மேல். நடுவில் 30 கிலோமீட்டர் சாலைதான். அந்தத் தூரத்துக்குள் பாறைப் புதர்க்காடு, இலையுதிர் காடு, நிழல் மரம் வைத்த காபித் தோட்டம், புல் மூடிய உச்சி என்று நிலம் நான்கு விதமாக மாறுகிறது. பறவையும் கூடவே மாறுகிறது. இரண்டாவது, மலை விளிம்பு செங்குத்தாக இறங்குவதால் நீங்கள் மேலே நிற்க, கழுகு உங்களுக்குக் கீழே பறக்கும். கழுகின் முதுகைப் பார்க்கும் வாய்ப்பு சமவெளியில் நிற்பவருக்கு அரிதாகவே அமையும்.

எந்த மாதம் வரலாம்?

டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் நடு வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், வலசை வந்த பறவைகள் ஊர் திரும்பியிருக்காது, உள்ளூர்க் கழுகுகள் ஜோடி சேர்ந்து விளிம்பை ஒட்டியே சுற்றும். ராஜாளி கூடு வைப்பதும் ஷாகீன் வல்லூறு பாறை முகத்தில் முட்டையிடுவதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான்.

அக்டோபர், நவம்பரில் வலசைப் பறவைகள் புதிதாக வந்து இறங்கும். ஆனால் மழையும் மூடுபனியும் சேர்ந்து பாதி நாளை விழுங்கிவிடும். பெருமழை பெய்தால் மலைப்பாதையே அடைபடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா எல்லாம் சேர்ந்து வரும். அந்த மாதத்தில் கொண்டை ஊசி வளைவில் வண்டிதான் வரிசையாக நிற்கும். தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

காலை ஐந்தரைக்கே வியூ பாயிண்டில் போய் நின்றால் நிறையப் பார்க்கலாமா?

சின்னப் பறவைக்கு அது சரி. கழுகுக்குச் சரியில்லை. விடியற்காலையில் குளிரக் குளிர நின்று, எட்டரைக்குப் பசித்து, “ஒன்றுமே இல்லை” என்று டிபனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கழுகு வருவது அதற்குப் பிறகு.

காரணம் வெயில். பெரிய இறக்கையை அடித்து அடித்துப் பறப்பது கழுகுக்குக் கட்டுபடியாகாது. கீழே பாறையும் தரிசும் சூடாகி, அந்தச் சூட்டுக் காற்று தூண்போல மேலே எழும்ப வேண்டும். அதில் ஏறி, இறக்கையை விரித்தபடி வட்டமிட்டு உயரம் போகும். குளிர்காலத்தில் இந்தக் காற்று எழ எட்டரை, ஒன்பது மணியாகும். உடல் எடைக்கு இறக்கை பெரிதாக உள்ள கள்ளப்பருந்தும் செம்பருந்தும் முதலில் கிளம்பும். அவை சிறகடிக்காமல் உயரம் ஏறுவதைப் பார்த்துவிட்டால் பைனாகுலரைக் கீழே வைக்காதீர்கள். கனமான கழுகுகள் அடுத்து வரும். ஒன்பதரை முதல் பதினொன்றரை வரைதான் நாளின் உச்சம். நண்பகலுக்கு மேல் அவை இருக்கும், ஆனால் புள்ளியாகத்தான் தெரியும். மாலை மூன்றரைக்கு மேல் சூடு இறங்க இறங்க மறுபடி தாழ்ந்து வரும்.

மேகமூட்டமான நாளில் இந்தக் கணக்கு தப்பும். அப்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கச் சரிவைப் பாருங்கள். சரிவில் மோதி மேலே திரும்பும் காற்றில் கழுகுகள் விளிம்பை ஒட்டி நேர்கோட்டில் போகும்.

எந்த இடத்தில் நிற்பது?

சூரியனை வைத்து முடிவு செய்யுங்கள். லேடீஸ் சீட் சேலம் நகரத்தைப் பார்த்த தென்மேற்கு விளிம்பு. காலையில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும், பறவையின் நிறம் தெரியும். பிற்பகலில் அங்கே நின்றால் எல்லாமே கறுப்பு நிழல்தான். பகோடா பாயிண்ட் கிழக்கு விளிம்பு; அங்கே காலையில் கண் கூசும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அருமை. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு “ஏற்காட்டில் ஒன்றும் தெரியவில்லை” என்று சொல்பவர்கள் அதிகம்.

சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டில் மரம் குறைவு, புல் அதிகம். சிவப்பு வல்லூறு அந்தரத்தில் இறக்கையடித்து நிற்பதைப் பார்க்க நல்ல இடம். கோயில் பக்கம் கூட்டம் இருக்கும்; மேட்டின் ஓரத்துக்கு நடந்துவிட்டால் சத்தம் குறையும்.

அடிவாரம் வழியாக ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது. சாலையோரம் அகலமாக உள்ள இடத்தில் ஒதுக்கிவிட்டு இறங்குங்கள். அறுபதடிப் பாலத்தை ஒட்டிய காட்டில் கொண்டைப் பாம்புக் கழுகு மரக்கிளையில் உட்கார்ந்து வெயில் காயும். அங்கே குரங்குகள் தொல்லை. கையில் தின்பண்டம் இருந்தால் பைனாகுலரோடு சேர்த்துப் பிடுங்கும். குப்பனூர் வழியில் போக்குவரத்து குறைவு, நின்று பார்க்க வசதி. ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது மற்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் நிற்கும் பொறுமை வேண்டும். ஒரு காலைக்குள் நாலு வியூ பாயிண்ட் ஓடினால் நாலிலும் அரைமணி தாமதமாகத்தான் போவீர்கள்.

மேலே கறுப்பாக ஏதோ வட்டமிடுகிறது. பருந்தா, கழுகா, எப்படிச் சொல்வது?

நிறத்தை முதலில் பார்க்காதீர்கள். வானத்து வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். வால், இறக்கையைப் பிடித்திருக்கும் விதம், தலை. இந்த வரிசையில் பாருங்கள்.

வாலின் நுனி உள்வாங்கி இருந்தால் கள்ளப்பருந்து. ஆனால் அது வாலை முழுதாக விரித்தால் அந்தப் பிளவு மறைந்து முக்கோணமாகிவிடும். வாலை மடக்கும்வரை காத்திருங்கள். பழுப்பாக இருந்து வால் நுனி உருண்டையாக இருந்தால் அது இளம் செம்பருந்தாக இருக்கலாம். “புதுக் கழுகு” என்று பதிவாகும் படங்களில் கணிசமானவை இதுதான்.

வால் பிரச்சினை தீர்ந்ததும் இறக்கை. எதிரே வரும் பறவையின் இறக்கை இரண்டும் தோளுக்கு மேல் தூக்கி, ஆழமில்லாத ஆங்கில ‘V’ எழுத்துப்போல் தெரிந்தால் கொண்டைப் பாம்புக் கழுகு அல்லது கருங்கழுகு. பாம்புக் கழுகுக்கு இறக்கையின் பின்னோரம் முழுக்க அகலமான வெள்ளைப் பட்டை, வாலிலும் ஒரு வெள்ளைப் பட்டை. பறந்துகொண்டே உரக்கச் சீழ்க்கையடிக்கும். காட்டுக்குள் இருந்து அந்தச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கி வானத்தைப் பாருங்கள். கருங்கழுகு பெரும்பாலும் சத்தம் போடாது. உடம்பு முழுக்கக் கறுப்பு, காலும் அலகின் அடியும் மட்டும் மஞ்சள். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் குறுகி, நடுவில் அகன்று, நுனியில் சிறகுகள் விரல்போல் நன்றாகப் பிரிந்திருக்கும். அது மர உச்சிகளை உரசுவதுபோல மிக மெதுவாகப் போகும். வேடிக்கைக்காக அல்ல, கிளைகளுக்குள் மற்றப் பறவைகளின் கூட்டைத் தேடுகிறது, முட்டையையும் குஞ்சையும் எடுக்க. விளிம்பிலிருந்து கீழே காட்டைப் பார்ப்பவருக்கே இது நன்றாகத் தெரியும்.

இறக்கை தட்டையாக இருந்தால்? தலை சிறுத்து, கழுத்து நீண்டு, புறாத்தலை போலிருந்தால் தேன் பருந்து. இதன் நிறம் ஒன்றுக்கொன்று வேறுபடும், வெளுப்பிலிருந்து கருப்புவரை எல்லாம் உண்டு. அதனால் தலையை நம்புங்கள். தலை பெருத்து, உடம்பு வெள்ளையாக, இறக்கையின் அடிப்புறம் கருமையாக, வால் நுனியில் ஒரு கறுப்புப் பட்டையோடு இருந்தால் ராஜாளி. பெரும்பாலும் ஜோடியாக வரும். மேலிருந்து பார்த்தால் முதுகின் நடுவே வெளுத்த திட்டு தெரியும். குடுமிக் கழுகின் இறக்கை அகலமாக, நுனி உருண்டு, வால் நீளமாக இருக்கும். மரத்தில் உட்கார்ந்தால் நீண்ட குடுமியே போதும்.

குளிர்கால விருந்தாளியான பூட்டட் கழுகு கள்ளப்பருந்தின் அளவுதான் இருக்கும், பருந்துக் கூட்டத்திலேயே கலந்தும் பறக்கும். நேராக உங்களை நோக்கி வரும்போது கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு வெள்ளைப் பொட்டு, முன்விளக்குப் போட்டதுபோலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்பவை முக்கியமாக மூன்று. சிறியது, முதுகு செங்கல் நிறம்: சிவப்பு வல்லூறு. வெள்ளையும் சாம்பலும், தோளில் கறுப்பு: கருந்தோள் பருந்து. பெரிய, அடிப்பக்கம் வெளுத்த, ஆந்தைபோல் தலை பெருத்த பறவை நின்றால் குட்டைவிரல் பாம்புக் கழுகு.

வைரியும் மற்றச் சிறு வேட்டைப் பறவைகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவே?

ஊருக்குள்ளும் தோப்பிலும் பார்ப்பது வைரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொண்டையின் நடுவில் தடித்த கருங்கோடும் மார்பில் அழுத்தமான கீற்றுகளும் இருந்தால்தான் பெஸ்ரா என்று யோசிக்க வேண்டும். வைரிக்கு அந்தக் கோடு மெல்லியது. பறக்கும்போது வாலடியில் வெள்ளை இறகு பஞ்சுபோலப் பிதுங்கி நின்றால் கொண்டை வைரி. இளம் பறவைகளில் மூன்றுமே கீற்றோடு இருக்கும். படம் எடுத்து வைத்து நிதானமாகப் பாருங்கள். குரலை மட்டும் நம்பி வைரி என்று எழுதிவிடாதீர்கள், துடுப்புவால் கரிச்சான் அதே குரலை அச்சு அசலாகப் போடும்.

பாறு பார்க்க முடியுமா?

எதிர்பார்த்து வராதீர்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து பிணத்தின் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் பாறுகளுக்கு இன்று எஞ்சியிருக்கும் முக்கியமான இடம் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குப் பகுதி. அது தனிப் பயணம்.

இந்த மலையில் தேடிப் பார்க்க வேண்டிய அரிய பறவை எது?

மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் பறவை, உலகில் வேறெங்கும் கிடையாது. அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் உலகப் பட்டியலில் இடம் பெற்றது. ஏற்காடு ஏரியைச் சுற்றிக் காபித் தோட்டத்தில் தேடுவது வீண். அதற்கு வேண்டியது பெரிய உருண்டைப் பாறை, பாறை இடுக்கில் அத்தி, சுற்றிலும் முட்புதர். அதாவது அடிவாரமும் கீழ்ச்சரிவும். விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். அத்தி பழுத்திருந்தால் அந்த மரத்தடியை விட்டு நகராதீர்கள்.

அடையாளத்தில் சறுக்குவது வெண்புருவச் சின்னானோடு. அதுவும் புதரில்தான் இருக்கும், வாலடியில் மஞ்சளும் உண்டு, எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருந்தால் அது வெண்புருவம், விட்டுவிடுங்கள். மஞ்சள் தொண்டைச் சின்னானுக்குப் புருவம் கிடையாது. தொண்டை மட்டுமல்ல, தலையும் பளிச்சென்று மஞ்சளாக, வயிறு சாம்பலாக இருக்கும். கூச்ச சுபாவம். பாறை உச்சியில் ஒரு நொடி உட்கார்ந்து புதருக்குள் போய்விடும். பின்னால் துரத்தாமல் அதே பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருங்கள். கல்குவாரி வந்த குன்றில் இதைத் தேடவே வேண்டாம். பாறை போனால் பறவையும் போய்விடும்.

காபித் தோட்டத்துக்குள் என்ன பார்க்கலாம்? உள்ளே விடுவார்களா?

தோட்டங்கள் தனியார் சொத்து. கேட்காமல் நுழைந்தால் காவல்காரர் திருப்பி அனுப்புவார், அது அவர் வேலை. தங்கும் விடுதியே தோட்டத்துக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. முன்பதிவு செய்யும்போதே “காலையில் தோட்டத்துக்குள் நடக்கலாமா” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலம். ஆட்கள் வேலை செய்யும் பாத்திக்குள் போகாமல் வண்டித் தடத்திலேயே நடப்பது மரியாதை, பறவைக்கும் அதுவே நல்லது. மருந்து அடிக்கும் நாளில் போகவே வேண்டாம்.

உள்ளே நிறைய இருக்கிறது. தரையில் காய்ந்த சருகைப் புரட்டும் சத்தம் கேட்டால் செந்தலைப் பூங்குருவியாக இருக்கலாம், ஆறுமணிக்குருவியாகவும் இருக்கலாம். உடம்பை இடதும் வலதுமாக ஆட்டி நடக்கும் சிறு பறவை காட்டு வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் ஆட்டும். ஓடைப் பக்கம் மனிதர் சீழ்க்கையடிப்பதுபோல, ராகம் தப்பிய பாட்டாகக் கேட்டால் சீகாரப் பூங்குருவி. கிளியூர் அருவிக்குப் போகும் வழியில் நீர் ஓடும் மாதங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே மரத்தில் பத்து வகை வேண்டுமென்றால் கல்யாண முருங்கை. மிளகுக் கொடி ஏற்ற நட்டிருப்பார்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். மைனா, கரிச்சான், பச்சைச்சிட்டு, தேன்சிட்டு, செம்மீசைச் சின்னான் என்று கூட்டம் தாங்காது. இலை இல்லாததால் எதுவும் மறைய முடியாது. கூட்டம் திடீரென்று வாயடைத்துப் போனால் மேலே பாருங்கள், வைரி வந்திருக்கும்.

சமவெளியில் ஒரு நாள் ஒதுக்கலாமா?

அவசியம். பூனைப்பருந்துகளை மலைமேல் தேடிப் பயனில்லை. சேலத்துக்குத் தெற்கே உள்ள பனமரத்துப்பட்டி ஏரி தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஆண்டுகளில் புல்லும் சீமைக்கருவேலும் மண்டிய திறந்தவெளி. குளிர்காலத்தில் அப்படிப்பட்ட வெளியில் பூனைப்பருந்து தரையிலிருந்து ஓராள் உயரத்தில், இறக்கையைத் தூக்கிப் பிடித்தபடி, இங்கும் அங்கும் சாய்ந்து சாய்ந்து போகும். மாலை நாலரை முதல் இருட்டும்வரை நில்லுங்கள். இரவு தங்க வரும் நேரம் அது. தங்கும் புல்லுக்குள் மட்டும் நடக்கக் கூடாது. ஒருமுறை கலைந்தால் இருட்டில் வேறிடம் தேடி அலையும்.

மேட்டூர் அணை சேலத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நீர்மட்டம் முழு அளவான 120 அடியிலிருந்து நன்றாக இறங்கியிருக்கும்போது பண்ணவாடிப் பக்கம் கரை வெளிப்படும். பட்டுப்போன மரத்தில் தலை வெள்ளையாக, கண்ணை ஒட்டிக் கருங்கோட்டோடு ஒரு பெரிய பறவை உட்கார்ந்திருந்தால் விராலடிப்பான். மூக்கனேரி சேலம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ரயிலுக்கு நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் போதும்.

ஆந்தை?

பாறைக் குன்று, பழைய குவாரிப் பள்ளம் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் ஆழமான இரட்டைக் குரல் கேட்டால் கொம்பன் ஆந்தை. கரை ஓரத்தில் நின்று அது வெளியே வரும்வரை காத்திருங்கள். முகத்துக்கு நேராக டார்ச் அடிப்பது வேண்டாம். சிறிது நேரத்துக்கு அதற்குக் கண் தெரியாது. இரவில் வனச்சாலையில் இறங்கி நடப்பதும் கூடாது.

எந்த பைனாகுலர் வாங்குவது?

ஒன்றே ஒன்று என்றால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்). “கழுகு தூரத்தில் இருக்குமே, 10×42 நல்லதில்லையா” என்பார்கள். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு; மலை விளிம்புக் காற்றில் பிடித்து நிற்க முடியாது. பார்வைப் பரப்பும் குறுகும், வேகமாகப் போகும் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும். காபித் தோட்ட நிழலில் எட்டு மடங்கே வெளிச்சமாகவும் தெரியும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணிலிருந்து 15 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி வைத்தாலும் முழு வட்டம் தெரிகிறதா என்று கேட்டு வாங்குங்கள், ரப்பர் வளையத்தை மடக்கிவிட்டுப் பாருங்கள்.

வாங்கிய பலர் செய்யாமல் விடுவது கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்தல். தூரத்தில் ஒரு பெயர்ப் பலகையைப் பிடியுங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தைத் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். இதைச் செய்யாததால்தான் ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கிறது.

ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) இருந்தால் பாறை முகத்தில் உட்கார்ந்திருக்கும் வல்லூறைப் பார்க்கலாம். 11 மணிக்கு மேல் கானல் எழும்போது 60 மடங்குக்கு ஏற்றினால் கலங்கல்தான் தெரியும். 20, 25-ல் நிறுத்துங்கள்.

கேமராவில் கழுகு எப்போதும் கறுப்பாகவே விழுகிறதே?

வானம் வெளிச்சமாக இருப்பதால் கேமரா மொத்தத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. வானத்துக்கு எதிரே பறந்தால் எக்ஸ்போஷரை 1 முதல் 1.7 ஸ்டாப் வரை கூட்டுங்கள். ஆனால் இங்கே அதே கழுகு அடுத்த நிமிடம் உங்களுக்குக் கீழே காட்டுக்கு எதிரே பறக்கும்; கூட்டி வைத்ததை மறந்தால் வெளுத்துப் போகும். அங்கே 0.3 முதல் 0.7 வரை குறைக்க வேண்டும். இதற்கு அஞ்சியே பலர் மேனுவலுக்கு மாறுகிறார்கள்: வெயிலில் உள்ள பச்சை மரத்தை வைத்து ஒருமுறை அளவைப் பொருத்திவிட்டால், வெயில் மாறும்வரை தொட வேண்டியதில்லை. ஷட்டர் 1/2000 வினாடி; ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விடாதீர்கள், விட்டால் பின்னணிக்கு ஏற்ப மறுபடி மாறும்.

ஏ.சி. அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படியும். துணியால் துடைத்தால் கோடு விழும், மறுபடியும் படியும். மூடிய பையிலேயே 20 நிமிடம் வெளியே வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள். மழைக்கால ஏற்காட்டில் பையில் சிலிக்கா ஜெல் இல்லாமல் இருக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் விடியலில் அடிவாரத்தில் சின்னான். எட்டரைக்குமேல் நின்று நின்று மலை ஏற்றம். மதியம் ஏற்காட்டில் ஓய்வு. மூன்றரைக்குப் பகோடா பாயிண்ட். இரண்டாம் நாள் விடியலில் காபித் தோட்டம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை லேடீஸ் சீட், அசையாமல். மாலை சேர்வராயன் மேடு. மூன்றாம் நாள் குப்பனூர் வழியாக இறங்கி, நீர்நிலை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு மேட்டூர் அல்லது பனமரத்துப்பட்டி. இரண்டும் ஒரே நாளில் என்றால் இரண்டும் அரைகுறைதான். முடிந்தவரை வார நாளாகப் பாருங்கள்.

மூடுபனி விழுந்து ஒன்றுமே தெரியவில்லை என்றால்?

மேலே காத்திருக்காமல் சாலையில் கீழே இறங்குங்கள். பல நாட்களில் பத்தாவது வளைவுக்குக் கீழே வானம் தெளிவாக இருக்கும். மேகம் கலைந்து முதல் வெயில் விழும் அரைமணி மிக நல்ல நேரம், நனைந்த கழுகுகள் இறக்கையை விரித்து மரத்தில் காயும்.

காட்டுக்குள் நடக்க அனுமதி வேண்டுமா? ஆபத்து உண்டா?

பொதுச்சாலைக்கும் வியூ பாயிண்டுக்கும் அனுமதி வேண்டாம். ஒதுக்குக் காட்டுக்குள் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் உயிர்கள் போன பிறகு விதிகள் இறுகிவிட்டன. வனத்துறையின் இணையவழி மலையேற்றத் திட்டத்தில் சேலம் பகுதிப் பாதைகளும் உண்டு. பிப்ரவரி நடுவிலிருந்து தீப்பருவத்தில் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். தேதி பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

பயப்பட வேண்டியது காட்டெருமைக்கு. காபித் தோட்டத்துக்குள் சர்வ சாதாரணமாக நிற்கும். 50 மீட்டருக்குள் போகாதீர்கள். தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டால் முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள், தடித்த மரம் ஒன்று நடுவில் இருக்கட்டும். அடுத்தது மலைத்தேனீ. பாறை விளிம்பில் அடை தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு, புகை பிடித்துக்கொண்டு அங்கே நிற்பது வம்பை விலைக்கு வாங்குவது. தேன் பருந்து அடையைத் தாக்கும்போது கிட்டே நின்று படம் எடுப்பதும் அதே ரகம். கலைந்த தேனீ பருந்தை விட்டுவிட்டு உங்களிடம் வரும்.

குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கலாமா? கூட்டைப் படம் எடுக்கலாமா? டிரோன்?

மூன்றுக்கும் வேண்டாம் என்பதே பதில். இனப்பெருக்கக் காலத்தில் பதிவுக் குரலைப் போட்டால் எதிரி வந்துவிட்டதாக எண்ணிக் கூட்டை விட்டு வெளியே சுற்றும். அந்த நேரத்தில் காகம் முட்டையைக் கொண்டுபோகும், வெயில் குஞ்சைக் கொல்லும். பாறை முகத்தில் கூடு தெரிந்தால் எதிர்ச்சரிவிலிருந்து ஸ்கோப்பில் பாருங்கள். பறவை குரல் எழுப்பி உங்கள் தலைக்குமேல் சுற்றினால் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டீர்கள், திரும்பி வாருங்கள். டிரோனைக் கழுகு தாக்கும், இறக்கை அறுபடும். வனப்பகுதியில் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது குற்றமும்கூட.

வயதான அம்மா, அப்பாவையும் குழந்தைகளையும் கூட்டி வரலாமா?

தாராளமாக. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் இரண்டுக்கும் வண்டி கிட்டே வரை போகும், நடை குறைவு. மடக்கு நாற்காலி, காலைக் குளிருக்கு ஸ்வெட்டர், வெயிலுக்குத் தொப்பி. வளைவுகளில் வாந்தி வரும் குழந்தைகளுக்கு ஏறும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பார்த்ததை எங்கே பதிவது?

இ-பேர்ட் செயலியில். ஒரு நாள் முழுவதையும் ஒரே பட்டியலாகப் போடாமல் அடிவாரம், மலைப்பாதை, தோட்டம், விளிம்பு என்று தனித்தனியாகத் தொடங்கி முடியுங்கள். 300 மீட்டரில் பார்த்ததும் 1,500 மீட்டரில் பார்த்ததும் கலந்தால் பிறகு யாருக்கும் பயன்படாது. எண்ணிக்கைக்கு ‘இருந்தது’ என்று மட்டும் போடாமல் எண்ணைப் போடுங்கள். அடையாளம் உறுதியில்லாத கழுகுக்கு “கழுகு வகை” என்று போட வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டாம். பொங்கல் விடுமுறையில் வந்தால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்கள். 15 நிமிடப் பட்டியல்கூட அதில் சேரும். கூடு இருக்கும் பாறையின் துல்லியமான இடத்தையும் படத்தையும் சமூக வலைத்தளத்தில் மட்டும் போடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே முப்பது கேமரா நிற்கும்.